கோடு போடாத பக்கம்

ஏப்ரல் வந்தால் வாத்தியார்களுக்கு லீவுதானே என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, ஒருத்தர் சட்டையில் ஒருத்தர் மையைத் தெளித்துக்கொண்டு ஓடிப்போவார்கள். அதோடு அவர்களுக்கு முடிந்தது. எங்களுக்கு விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கும். ஒன்பதாம் வகுப்புத் தாள்களையும் திருத்த வேண்டும், மதிப்பெண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், ஜூனில் சேரப் பிள்ளை பிடிக்க வீடு வீடாகப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் கெடு ஒன்றுதான், இன்று மாலை.

நான் கன்னிவாடிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். வீடு நாகல் நகரில். அந்த வருஷம் முகாம் திண்டுக்கல்லுக்குள்ளேயே ஒரு பள்ளியில் என்பதால், பஸ்ஸில் இடிபடும் வேலையாவது மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். என் சந்தோஷமெல்லாம் இந்த மாதிரிதான்.

முகாமில் காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அன்று சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து போனைத் திறந்தால், எங்கள் தலைமையாசிரியர் செய்தி போட்டிருந்தார். மாலைக்குள் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை ஏற்றாதவர்கள் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். தயிர்சாதத்தைப் பாதியில் மூடி வைத்தேன். மதியக் கட்டை விரட்டி விரட்டித் திருத்திக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

வீட்டில் அடுப்பில் வாழைக்காயைப் போட்டுவிட்டு, நின்றபடியே மதிப்பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முகாமில் மதியக் கட்டில் திருத்திய ஒரு தாள் நினைவுக்கு வந்தது.

பரீட்சை எழுதி முடித்ததும் மீதிப் பக்கங்களுக்குக் குறுக்கே கோடு போட வேண்டும் என்று பிள்ளைகளிடம் படித்துப் படித்துச் சொல்லுவோம். பரீட்சை அறை வாசலில் வைத்துக்கூட, “ஏலே, மிச்சப் பக்கத்துக்கு மறக்காம கோடு போடு” என்பதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. கோட்டைப் பார்த்தால் தாள் முடிந்தது என்று திருத்துகிறவருக்குத் தெரியும். கோடு இல்லாமல் ஒரு பக்கம் வெறுமனே இருந்தால் நம்பக் கூடாது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டு, அதற்கப்புறம் ஒரு பெரிய பதிலை எழுதியிருக்கும் பிள்ளை.

அந்தத் தாளில் நான் கடைசியாகப் பார்த்த பக்கம் வெறும் பக்கம். கோடு இல்லை. அதைப் புரட்டினேனா? யோசித்து யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. கூட்டிப் போட்டது மட்டும் நினைவிருந்தது. பெயில். ஒன்றிரண்டு குறைந்தால் நாங்களே துழாவித் துழாவிப் போட்டுக் கரையேற்றிவிடுவோம். இது அதற்கும் எட்டாத குறைவு. ஒரு பெரிய வினா எழுதியிருந்தால் எட்டிவிடும்.



“அடுப்புல வெஞ்சனம் கருகுது, நீ அங்க என்ன பண்றே?” என்று கேட்டபடி என் வீட்டுக்காரர் வந்தார். சொன்னேன்.

“உனக்கு மேல செக் பண்ண ஆள் இருக்குல்ல?”

“அவரும் என்னைய மாதிரி ஒரு வாத்தியார்தான். அவருக்கும் அதே கெடு.”

“அப்படியே தப்பா இருந்தாலும், அந்தப் பிள்ளை மறுகூட்டலுக்கு எழுதிப் போடும்ல? விடு.”

அவருக்கு எங்கே தெரியும்! மறுகூட்டலுக்கு எழுதிப் போடுவது முதல் மார்க் வாங்கும் பிள்ளைகள். பெயிலான பிள்ளை மார்க் ஷீட் வாங்கவே பள்ளிப் பக்கம் வராது. அடுத்த வாரமே மில் வேனில் ஏறிவிடும். அப்படிப் போன ஒருத்தியை ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலைமுடியெல்லாம் பஞ்சு. “நல்லா இருக்கேன் டீச்சர்” என்று சிரித்தாள். வாழைக்காய்ச் சட்டியைத் தேய்க்கும்போது அந்தச் சிரிப்புதான் கண்ணுக்குள் நின்றது.

வேலையைப் பற்றியும் பயம்தான், மறைப்பானேன். போய்ச் சொன்னால் மெமோ வரும், சம்பள உயர்வை நிறுத்துவார்கள். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மறுநாள் காலையில் முகாமுக்கு ஆட்டோவில் போகும்போதுகூடத் தலைவலி என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன்.

எங்கள் அறைக்கு முதன்மைத் தேர்வாளர் ஒரு முசுடு. யார் தவறு செய்தாலும் அறை முழுக்கக் கேட்கும்படிதான் சொல்லுவார்.

“சார், நேத்து மதியக் கட்டுல ஒரு தாளத் திரும்பப் பாக்கணும்.”

“எதுக்கு டீச்சர்?”

“ஒரு பக்கத்தப் புரட்டலையோன்னு...”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். திட்டவில்லை, அதுவே எனக்குப் பயத்தைக் கூட்டியது. “உங்க நல்ல நேரம், கட்டு இன்னும் மேல போகல” என்று அலமாரியைத் திறந்தார்.

நான் போட்ட மதிப்பெண்ணை வைத்துத் தாளைத் தேடி எடுத்தோம். சாய்ந்து சாய்ந்து எழுதிய கையெழுத்து. அந்த வெறும் பக்கம் வந்தது.

“புரட்டுங்க.”

“நீங்களே புரட்டுங்க சார்.” எனக்குக் கை வரவில்லை.

அவர் புரட்டினார். வெறும் பக்கம். அடுத்ததும் வெறும் பக்கம். கடைசி வரைக்கும் ஒரு எழுத்து இல்லை. கோடு போட மறந்திருக்கிறது பிள்ளை, அவ்வளவுதான்.

“ஒண்ணுமே இல்ல டீச்சர். இதுக்கா இம்புட்டுப் பதட்டம்? செத்த நேரம் உக்காந்து டீயக் குடிங்க.”

எனக்குப் போன உயிர் வந்தது. எல்லோரும் பார்க்க, அந்தத் தாளின் முன்னால் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அக்கா மயக்கம் போட்ருவாங்கன்னு பார்த்தேன்” என்று பக்கத்து மேசை டீச்சர் கேலி செய்தாள். நானும் சிரித்தேன். அந்த டீயைப் போல ஒரு டீயை நான் குடித்ததே இல்லை.

பாதி டீ குடிக்கும்போது, அவர் அந்தத் தாளைக் கட்டுக்குள் திரும்பச் செருகுவதைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை பெயில்தான். பின்னால் ஒரு பதில் இருந்திருந்தால் பாஸாகியிருக்கும், நான் மாட்டியிருப்பேன். இல்லாததால் நான் தப்பித்தேன். எந்த ஊர்ப் பிள்ளையோ, பாஸாகிவிடுவோம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும். அது ஒன்றுமே எழுதாமல் விட்ட பக்கத்தைப் பார்த்துத்தான் நான் சாமியைக் கும்பிட்டிருக்கிறேன்.

காலைக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். பேனாவை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது.