நாலு பேருக்குத்தான் அனுமதி

காட்டில் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அடுத்த ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் அது யாருக்கும் நினைவில்லாமல் போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பீளமேட்டில் குடியிருந்தோம். கணவர் பம்ப் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். மகள் ஒன்றாம் வகுப்பு. காலாண்டுப் பரீட்சை லீவுக்கு அவளை எங்கே கூட்டிப்போவது என்ற பேச்சு வந்தபோது, ஆனைமலைப் பக்கம் டெண்ட் போட்டு ரெண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றேன். கல்லூரியில் காக்கி உடுப்புப் போட்டு என்.சி.சி. பயிற்சிக்குப் போனவள் நான். மூன்று முகாம்களில் டெண்ட் அடித்திருக்கிறேன், மழைத் தண்ணீர் உள்ளே வராமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். கணவருக்கும் பிடித்துப்போனது. அதோடு விட்டிருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமையே தன் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

அண்ணன் எங்கள் தெருவிலேயே லேத் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனுஷர். சொந்தத்தில் கல்யாணமோ கருமாதியோ, கூப்பிடுவதற்கு முன்னாலேயே போய்த் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வார். எங்கள் டெண்ட்டையும் அப்படித்தான் தூக்கிக்கொண்டார்.

"டெண்ட்டெல்லாம் என்னத்துக்கு அம்மணி? பந்தல்காரங்ககிட்டச் சாமியானா சொல்லிப்போட்டேன். மழை வந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"காட்டுக்குள்ள சாமியானா எப்படீங் மாமா கொண்டு போறது?"

"வேன்லதான். நீ சித்தெ சும்மா இரு கண்ணு, நாம் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் ஹாலில் கூட்டம். அண்ணன், என் கணவர், அண்ணனின் மச்சினர், மூன்று பேரும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். நான் டீ போடுவேன். முதல் வாரம் வேனில் ஒன்பது பேர். இரண்டாவது வாரம் பதினான்கு. வெளிச்சத்துக்கு ஜெனரேட்டர் வந்தது. சமையலுக்கு ஒரு ஆளும் அவருக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆளும் வந்தார்கள். ராகிக் களியா பிரியாணியா என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். யானை வந்தால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு சாயங்காலம் ஆனது. மச்சினர் வெடி வாங்கி வருவதாகச் சொன்னார்.

நான் அடுக்களையிலிருந்தே கேட்டேன். "காட்டுக்குள்ள தங்க பர்மிஷன் வாங்கியாச்சுங்களா?"

"அதெல்லாம் நம்ம ஆளு ஒருத்தரு இருக்காருங் அம்மணி," என்றார் அண்ணன்.

அந்த ஆள் யார் என்று கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. லீவுக்கு எட்டு நாள்தான் பாக்கி. ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் மறுபடி கேட்டேன். "அண்ணன் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை.

வன அலுவலகத்தில் இருந்த கிளார்க் வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். நான் நோட்டில் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாமியானா என்றபோது பேனாவை மூடி வைத்தார். ஜெனரேட்டர் என்றபோது சிரித்தேவிட்டார்.

"ஆனைக்கெல்லாம் கச்சேரி வெக்கப் போறீங்களாங்க?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இங்க பாருங்கம்மா. உள்ள தங்க முடியாது. செக்போஸ்ட்டுக்குப் பக்கத்துல வாட்சர் ஊடு இருக்குது, அதையொட்டி ஒரு மேட்டுத் திட்டு. அங்க சின்ன டெண்ட் ரெண்டு போட்டுக்கலாம். ஒரு ராத்திரிதான். தீ மூட்டக் கூடாது, சத்தம் கூடாது. நாலு பேருக்குத்தான் அனுமதி."

படிவத்தில் தங்குவோர் பெயர் என்று நாலு கோடுகள் இருந்தன. வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல மருமகள் அதைத்தான் செய்வாள். நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். என் பெயர், கணவர் பெயர், மகள் பெயர். நாலாவதாக என் கல்லூரித் தோழி. பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி டீச்சர். டெண்ட்டுகள் அவளிடம்தான் இருந்தன, என்னோடு சேர்ந்து அடித்துப் பழகிய கையும் அவளுடையதுதான். வெளியே வந்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டேன். "எப்போன்னு மட்டும் சொல்லு, நான் வந்துர்றேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் கூட்டம் கூடியதும் அனுமதிக் காகிதத்தை நோட்டின் மேல் வைத்தேன். அண்ணன் இரண்டு தடவை படித்தார்.

"அப்ப நாங்கெல்லாம் ஆருங் அம்மணி?"

"நாலு பேருக்கு மேல முடியாதுன்னுட்டாங்க மாமா."

"நாலு பேருன்னா பெரியவிய பேர உட்டுப்போட்டு, எவளோ ஒரு டீச்சர் பேர எழுதுவாங்களா?"

பதில் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். டீ அப்படியே ஆறியது. கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் அண்ணனின் மனைவி கடைக்குப் போகிற சாக்கில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நெம்ப நல்லதாப் போச்சு கண்ணு. அங்க அட்டை கடிக்கும்னு கேட்டதுலிருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நாஞ் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிப்போடாதே."

போனோம். பஸ்ஸில் வழியெல்லாம் கணவர் ஒரே பாட்டு. "அண்ணன் மனசு சங்கடப்பட்டிருக்கும்." "அண்ணன் இருந்தா ஜீப்புக்குச் சொல்லியிருப்பாரு." என் தோழி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

திட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கணவர் டெண்ட் பையைப் பிரித்து, யாரையும் கேட்காமல் வேலையை ஆரம்பித்தார். பெரிய பெரிய மோட்டாரையெல்லாம் அக்கக்காகக் கழற்றி மாட்டுகிறவர். நானும் தோழியும் எங்கள் டெண்ட்டைப் பத்து நிமிஷத்தில் நிறுத்தி, வாய்க்காலும் வெட்டி முடித்துவிட்டோம். அவருடையது மூன்று தடவை விழுந்தது. மூன்றாவது தடவை துணிக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். மகள் கைதட்டினாள். வாட்சர் பீடியோடு வேடிக்கை பார்த்தார். நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் உதவ மனசு வரவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏம்புள்ள, இத எப்படித்தான் கட்டறது?"

ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் யாராவது என்னிடம் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கியது, எரிச்சலாகவும் இருந்தது. இதைக் கேட்க ஒரு மனுஷனுக்குத் துணிக்குள் மாட்ட வேண்டியிருக்கிறதே என்று. போய் நடுக்கம்பை நிறுத்தினேன். எந்தக் கயிற்றை முதலில் இழுக்க வேண்டும் என்று காட்டினேன். சொன்னபடி செய்தார், சுற்றிலும் வாய்க்காலும் வெட்டினார்.

இருட்டும் முன்னே மழை பிடித்துக்கொண்டது. விடியும்வரை விடவில்லை. காலையில் பார்த்தால் ஒரு டெண்ட்டிலும் தண்ணீர் இல்லை. மகளின் காலில் இரண்டு அட்டை. உப்பு வைத்து எடுத்தேன், அவள் அழக்கூட இல்லை. எதிர்ச் சரிவில் புல்லுக்குள் ஐந்தாறு காட்டெருமைகள் நனைந்துகொண்டு நின்றன. நாலு பேரும் வெகுநேரம் பார்த்தோம். கணவர்கூட அண்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் தீபாவளிவரைக்கும் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அது தனிக் கஷ்டம். ஈர டெண்ட்டுகளை மொட்டை மாடியில் இரண்டு நாள் காயப்போட்டேன். திருப்பிக் கொடுக்க மடிக்கும்போது கணவர் மேலே வந்து மறுமுனையைப் பிடித்தார். தப்பாகத்தான் மடித்தார். அவர் கீழே இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்து, பிரித்து, நானே மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தேன்.