ராஜினாமாக் கடிதமும் தாய்மாமன் மடியும்

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். உசிலம்பட்டிப் பக்கம், குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் களப் பொறுப்பாளர். படிப்பை நிறுத்திய பிள்ளைகள், சின்ன வயதுக் கல்யாணம் என்று எந்தத் தகவல் வந்தாலும் எங்கள் ஆட்கள்தான் முதலில் வீடேறிப் பேச வேண்டும். வேலையில் நான் கில்லாடி. அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் ஆட்கள் மட்டும் தங்க மாட்டார்கள். அந்த வருஷம் மட்டும் மூன்று பேர் விலகியிருந்தார்கள். தெம்பில்லாதவர்கள் என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

என்னிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊரில் பிரச்சினையோ, அங்கே சொந்தபந்தம் உள்ள ஊழியரையே அனுப்புவேன். கதவு சீக்கிரம் திறக்கும் என்று நினைப்பு. பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று தகவல் வந்தபோதும் அப்படித்தான். எங்களிடம் இருந்தவர்களிலேயே கெட்டிக்காரியான ஒரு ஊழியரைக் கூப்பிட்டேன். மணப்பெண், அவருடைய அண்ணன் மனைவிக்குத் தங்கை.

"சார், இந்த ஒரு ஊருக்கு மட்டும் வேற ஆள அனுப்புங்களேன்" என்றார்.

"நீங்க சொன்னாத்தாம்மா கேப்பாங்க" என்று அனுப்பிவைத்தேன்.

கல்யாணம் நின்றது. அந்தப் பெண் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். நான் மேலிடத்துக்கு அறிக்கை எழுதி நன்றாக மார்தட்டிக்கொண்டேன். மூன்றாவது வாரம், அந்த ஊழியரின் ராஜினாமாக் கடிதம் என் மேஜைக்கு வந்தது. 'குடும்பச் சூழ்நிலை' என்று ஒரே வரி. சரி, இது நாலாவது என்று முணுமுணுத்தபடி கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

எங்கள் ஜீப் ஓட்டுநர்தான் வாசலில் நின்றபடி சொன்னார். "அவுக மகளுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை காதுகுத்துண்ணே. தாய்மாமன் வரமாட்டேன்னுட்டாராம்."

எனக்குச் சுரீரென்றது. எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். கல்யாணத்தை நிறுத்திய தங்கச்சியின் வாசலை இனி மிதிப்பதில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். அனுப்பியது நான், அனுபவித்தது அவர்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் பாய் விரித்தார். அந்த ஊழியர் அழவில்லை, என்னைக் குறை சொல்லவும் இல்லை.

"கல்யாணத்த நிறுத்துனதுக்கு நான் வருத்தப்படல சார். எம்பிள்ளைக்கு மடி இல்லாமப் போச்சே, அதான் தாங்கல" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "மடி நான் குடுக்குறேம்மா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

"ஒருநா உக்காந்துட்டுப் போற வேலையில்ல சார். மாமன்னா காலத்துக்கும் மாமன்."

"தெரிஞ்சுதாம்மா சொல்றேன்."

கணவர் சிரித்துவிட்டார். "அப்ப ஞாயித்துக்கிழமை வெள்ளனமே வந்துருங்க மச்சான்!"

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கொள்ளாமல் அலுவலகமே சீர்த்தட்டோடு போய் இறங்கியது. புது மாமனைப் பிள்ளைக்குத் துளியும் பிடிக்கவில்லை. கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள், என் புது வேட்டியை நனைத்தாள், ஊரைக் கூட்டி அழுதாள். "அம்புட்டுத்தான் தாயி, முடிஞ்சிருச்சு" என்று காது குத்திய ஆசாரி சொன்னபோது அவளோடு சேர்ந்து எனக்கும் கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை அவர் என் மேஜையில் இருந்த கடிதத்தைத் தானே எடுத்துக் கிழித்துப்போட்டார். நான் என் பழைய வழக்கத்தைக் கிழித்துப்போட்டேன். சொந்த ஊருக்கு எவரையும் அனுப்புவதில்லை, எங்கேயும் தனியாக அனுப்புவதில்லை என்று ஆனது. அதன்பிறகு ஆட்கள் நின்றார்கள். அவர், நான் ஓய்வு பெறும்வரை என்னோடு வேலை பார்த்தார்.

அவருடைய அண்ணன் மனம் மாறி வர நாலைந்து வருஷம் ஆயிற்று. அதற்காக என் மாமன் பதவி போய்விடவில்லை. மருமகளுக்கு இன்றைக்கும் இரண்டு மாமன்தான். ஊரார் பிள்ளையைக் காப்பாற்ற ஒருவரை அனுப்புகிறவன், அவர் வீட்டுப் பிள்ளைக்கு மடி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை, அந்த நனைந்த வேட்டியோடுதான் நான் கற்றுக்கொண்டேன்.