இரண்டாவது சீடி

கொட்டகலையில் ஆசிரியையாக வேலை பார்த்த முதல் நான்கு வருடங்கள், ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அதே பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்த ஒரு டீச்சரும் என்னோடு இருந்தார். அவர் மஸ்கெலியாக்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் கந்தப்பளை. எனக்குக் கணிதப் பாடம். ஒரே அறையில் தூங்கி, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டும், கடைசிவரை நாங்கள் ஒருவரையொருவர் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

அவரிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கழித்துப்போட்டதை வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். இணையம் கிடையாது. பழைய விளையாட்டுகள் மட்டும்தான் அதில் ஓடும். அவற்றிலும் சுடுவது, கார் ஓட்டுவது எதுவும் அவருக்குப் பிடிக்காது. ஆளில்லாத வீடு, பூட்டிய அறை, மேசைமேல் ஒரு கடிதம் என்று தொடங்கி, ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்த்து வழி கண்டுபிடித்துக்கொண்டு போகிற சாகச விளையாட்டுகள்தான் வேண்டும். திரையில் வரும் ஆங்கிலத்தை அவர் தமிழில் சொல்லுவார். நான் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் வழிகளை வரைவேன், எண் பூட்டுகளைத் திறப்பேன். மாதக் கணக்காக மழை பெய்யும் ஊரில், பாடசாலை விட்டு வந்த பிறகு எங்களுக்கு அதுதான் வாழ்க்கை.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஹட்டனுக்குப் போவோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால், நானா என்று எல்லோரும் கூப்பிடும், போன் திருத்தும் முஸ்லிம் ஒருவருடைய கடையில் படிக்கட்டின் கீழே நாலைந்து அட்டைப் பெட்டிகள் இருந்தன. யாரும் கேட்காத சீடிகள் எல்லாம் அதற்குள் கிடந்தன. சினிமாப் பாட்டு, கம்ப்யூட்டர் பாடம், யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோ. அவற்றுக்கு நடுவில் எப்போதாவது ஒன்று அகப்படும். அகப்பட்டால் முகத்தில் காட்டக்கூடாது என்பது டீச்சர் எனக்குச் சொல்லித்தந்த பாடம். சீடியை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பார். பிறகு வேண்டாவெறுப்பாகக் கேட்பார்.

"இது ஓடுமோ என்னவோ நானா. என்ன வெல?"

"ஓடாட்டி கொண்டாங்க டீச்சர். மத்தவங்களுக்கு நூறு, ஒங்களுக்கு அம்பது."

"ஓடாத சாமானுக்கு அம்பதா?"

முப்பதுக்கு வாங்கிக்கொண்டு, கடையைத் தாண்டி வந்த பிறகுதான் சிரிப்பார்.

அப்படி வாங்கியதுதான் அந்த விளையாட்டு. கைவிடப்பட்ட துறைமுக நகரமொன்றுக்குத் தன் அக்காவைத் தேடி ஒருத்தி வருகிறாள். ஆறு வாரம் விளையாடினோம். கலங்கரை விளக்கத்தின் கதவைத் திறந்ததும் திரை கறுத்து, இரண்டாவது சீடியைப் போடச் சொல்லி ஒரு வரி வந்தது. உறையில் இரண்டு சீடிக்கு இடம் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒன்றுதான்.

அதன்பிறகு தேடல் அந்த ஒன்றுக்காகவே என்று ஆனது. தலவாக்கலை, நுவரெலியா, மஸ்கெலியா என்று எங்கே போனாலும் பழைய சீடிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்போம். பாடசாலைக்குப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், "இதெல்லாம் நெட்லயே இருக்கு டீச்சர், முடிவ போன்லயே பாத்துறலாம்" என்றார்.

"நீங்க பரீட்சைக்கும் விடையப் பாத்துத்தான் எழுதினீங்களா சேர்?" என்று கேட்டார் டீச்சர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது வருடம் அவருடைய அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். டீச்சர் மஸ்கெலியாவுக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்தார். அவர் போய்விட்டால் எனக்கு வேறு ஆளில்லை. கந்தப்பளையில் அண்ணன் குடும்பத்தோடு எனக்கு ஒட்டவில்லை. பாடசாலையிலும் வேறு யாரோடும் நெருக்கமில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் விளையாட்டாகச் சொன்னார்.

"கவலப்படாதீங்க டீச்சர். அந்த ரெண்டாவது சீடி கெடைக்கிற வரைக்கும் நா எங்கயும் போகமாட்டேன்."

அந்த ஆகஸ்ட் விடுமுறையில், என் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி வாங்க நுவரெலியாவுக்குப் போனேன். ஏதோ ஒரு பங்களாவைக் காலிசெய்த சாமான்களைக் கடையொன்றில் குவித்து வைத்திருந்தார்கள். விளக்குகளுக்கும் பீங்கான்களுக்கும் நடுவில் அந்த உறையைக் கண்டேன். திறந்து பார்த்தேன். இரண்டும் இருந்தன. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினேன். பஸ்ஸில் பாதி தூரம் வரை, இதைப் பார்த்ததும் டீச்சரின் முகம் எப்படி மாறும் என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகுதான் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. விளையாட்டுக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கொட்டகலைக்குத் திரும்பியதும் அதை என் பெட்டியில் குளிர்ச்சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். தீபாவளிக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். தீபாவளி வந்தபோது பாடசாலைத் தவணை முடியட்டும் என்றேன்.

சனிக்கிழமைகளில் அவரோடு ஹட்டனுக்குப் போவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. படிக்கட்டின் கீழே அவர் முழங்காலை ஊன்றி ஒவ்வொன்றாகப் புரட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் புரட்டுவேன்.

"கொழும்புலருந்து ஒருத்தர் சாமான் கொண்டாறவர். அவர்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன் டீச்சர்" என்பார் நானா.

"இன்னைக்கும் இல்ல" என்று டீச்சர் சேலையைத் தட்டிக்கொண்டு எழுவார். திரும்பும் பஸ்ஸில் அவர் அதிகம் பேசுவதில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

ஜனவரியில் இடமாற்றக் கடிதம் வந்தது. இரண்டு நாளில் சாமான்களைக் கட்டினார். கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

"அம்மாவ வச்சிக்கிட்டு எனக்கு விளையாட எங்க நேரம்? நீங்களே வச்சிக்கிங்க."

அந்த நிமிஷத்திலாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். பெட்டி இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. நான் அவருடைய பாத்திரங்களுக்குப் பத்திரிகைத் தாள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம் மனம் கேட்காமல் மஸ்கெலியாவுக்குப் போனேன். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, உள்ளே மூழ்கிக் கிடக்கும் பழைய கோயில் வெளியே தெரிந்தது. அதைப் பார்க்க வந்த கூட்டத்தில் பஸ் நெடுநேரம் நின்றது. டீச்சர் வீட்டு முற்றத்தில் படுக்கை விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். உள்ளே அவருடைய அம்மா கட்டிலில் கிடந்தார். டீச்சர் பாலில்லாத பிளேன்டி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் சீடி உறையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஆகஸ்ட்லயே கெடைச்சிருச்சு டீச்சர். நாந்தான் மறைச்சு வச்சிட்டேன்."

அவர் அதைக் கையில் எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார். "ஒங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்ப குளிர்ச்சட்ட எடுக்கப் பெட்டியத் தொறந்தேன். பாத்தேன்."

எனக்குக் காய்ச்சல் வந்தது அக்டோபரில். அதன்பிறகு மூன்று தடவை நாங்கள் ஹட்டனுக்குப் போயிருந்தோம்.

"அப்புறமும் ஏன் தேடினீங்க?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுல வரும்போது, இன்னைக்குச் சொல்லிருவாங்கன்னு நெனைப்பேன்."

"நீங்க போயிருவீங்கன்னு பயந்துட்டேன் டீச்சர்."

"அம்மாவுக்கு முடியலன்னா நா வந்துதானே ஆகணும். அது ஒங்களுக்குத் தெரியாதா?"

குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்க எனக்கு வசதியாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். டீச்சர் எழுந்து போய், அவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வர வெகுநேரமானது. வந்ததும் உறையை என் பக்கம் தள்ளினார்.

"இங்க இத ஓட்ட ஒண்ணும் இல்ல. நீங்களே விளையாடி முடிங்க."

நான் புறப்பட்டபோது வாசல்வரை வந்தார். மறுபடி வாங்க என்று சொல்லவில்லை.

அடுத்த விடுமுறையில் அதைத் தனியாக விளையாடினேன். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் இழுத்தது. எண் பூட்டுகளை உடனே திறந்துவிட்டேன். மனிதர்கள் பேசும் இடங்களில்தான் திணறினேன். முடிவில் அக்கா எழுதிவைத்த நீண்ட கடிதமொன்று வந்தது. அவள் அந்த நகரத்தை விட்டு ஏன் போனாள் என்பது அதில்தான் இருந்தது. எனக்குப் பாதிதான் விளங்கியது. முழுவதையும் கொப்பியில் பார்த்து எழுதினேன். அனுப்ப நினைத்துக் கடித உறை வாங்கினேன். விலாசம் எழுதாமலே அதைக் கொப்பிக்குள் வைத்துவிட்டேன்.

போன வருடம் சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்த ஹட்டனுக்குப் போனபோது அவரைக் கண்டேன். ஆங்கிலக் குழுவோடு மண்டபத்தின் மறுகோடியில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"தவறி எட்டு மாசம் ஆச்சு டீச்சர்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னு நெனச்சேன்" என்றார். பிறகு, இந்த முறை கணிதத் தாள் கஷ்டமா என்று கேட்டார். கடைசிக் கேள்வியை அநேகமாக ஒருவரும் தொடவில்லை என்றேன். அவருடைய குழுவிலும் கட்டுரைக் கேள்வியை நிறையப்பேர் விட்டிருப்பதாகச் சொன்னார். சாப்பாட்டுப் பொதியை மடித்துக்கொண்டு அவர் முதலில் எழுந்தார். அந்தப் பத்து நாளும் அதே மேசையில்தான் சாப்பிட்டோம். விடைத்தாள்களைப் பற்றித்தான் பேசினோம்.