அப்பா கைநாட்டு வைக்காத கப்

அப்பா போன பிறகும் அந்தச் சத்தம் எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை. பீங்கான்மேல் நகம் உரசுகிற சத்தம். மெல்ல, பொறுமையாக, ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போகும். வெள்ளானூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் நாளெல்லாம் வீடு கட்டுகிறார்கள். கம்பி வெட்டுகிற இரைச்சலுக்கு நடுவிலும் எனக்கு அது கேட்கும். அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன். அப்பாவின் நாற்காலி காலியாக இருக்கும். பயமாக இருக்கிறது என்றால், "பெத்த அப்பனுக்காடி பயந்துகினு கீற?" என்று அம்மா திட்டுவாள். அவளும்தான் எட்டிப் பார்க்கிறாள், எனக்குத் தெரியாதா?

எல்லாம் ஒரு கப்பில் ஆரம்பித்தது. தம்பிக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, கிளம்பத் தயாராக இருந்தான். கடையில் எதையாவது வாங்கிக் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆவடி மார்க்கெட்டில் வெள்ளைப் பீங்கான் கப் ஒன்றும், பீங்கானில் எழுதுகிற பெயின்ட்டும் பேனாவும் வாங்கி வந்தேன். ஆளுக்கொரு முறை கட்டை விரலைப் பெயின்ட்டில் தொட்டுக் கப்பில் பதித்தால் நாலு இதழ். காம்பும் இலையும் நான் வரைந்தால் பூ. காயவிட்டு ஓவனில் சுட்டுவிட்டால் அப்புறம் தேய்த்துக் கழுவினாலும் போகாது. சுடும்வரை ஈரக்கை பட்டாலே அழிந்துவிடும்.

அம்மா வைத்தாள், நான் வைத்தேன், என் மகள் வைத்தாள். அப்பாவிடம் நீட்டினேன். வந்ததே கோபம்!

"இன்னா, என்னாண்டயே கைநாட்டு கேக்கிறியா? எங்க நைனா வெச்சது பத்தாதா?"

தாத்தா பாரிவாக்கத்தில் கூலி வேலை செய்தவர். இருந்த ஒரே துண்டு நிலமும், என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத காகிதத்தில் கட்டை விரலை வைத்ததில் போய்விட்டது. அந்த ஆத்திரத்தில்தான் அப்பா எழுதப் பழகினார். ஃபேக்டரியில் ஹெல்பராகச் சேர்ந்து முதல் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்ட கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, நாலாவது இதழ் வர வேண்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டார். தமிழில் முழுப் பெயர். கடைசி எழுத்துக்கு ஒரு நீள வால், கீழே ஒரு கோடு, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி.

"பூவையே கெடுத்துட்டியேப்பா!" என்று கத்தினேன்.

"கலெக்டர் ஊட்டுப் புள்ள, கைநாட்டு வெப்பாரா உங்கப்பன்?" என்று அம்மா சிரித்தாள்.

மறுநாள் காலையில் அப்பா குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சில் முக்கால்வாசி போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்து, தம்பியும் அழுதுகொண்டே விமானம் ஏறிப்போன பிறகு பார்த்தால், கப் சுடாமலே ஃப்ரிட்ஜ்மேல் நின்றுகொண்டிருந்தது.

பென்ஷன் எடுக்க அம்மா பாங்குக்குப் போனாள். கையெழுத்துப் போட முடியாதென்றால் வீட்டுக்கே ஆள் வந்து கைநாட்டு வாங்கிக்கொள்ளும், இனிமேல் கணக்கு அப்படித்தான் நடக்கும் என்றார்களாம். அதை அம்மா அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொல்லித் தொலைத்தாள். அப்பா அடுத்த கவளத்தை வாங்கவில்லை. இடது கையைத் தூக்கி ஃப்ரிட்ஜைக் காட்டினார்.

கப்பை மடியில் வைத்துக்கொண்டு, தன் கையெழுத்தின்மேல் இடது கை விரலை ஓட்ட ஆரம்பித்தார். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. ஆள் வருவதற்குள் இடது கையால் எழுதப் பழகுகிறார்! பழைய கையெழுத்து இருந்த காகிதத்தைக் கொடுத்தேன். தள்ளிவிட்டார். காகிதத்தில் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. கப்பில் பெயின்ட் தடித்திருந்தது, விரல் அதைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

"குடுப்பா, சுட்டுத் தரேன். இல்லன்னா அழிஞ்சிடும்பா."

கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாயோரம் வழிகிற எச்சிலைத் துடைத்த விரலாலேயே மறுபடி எழுதுவார். விடிந்தால் அந்தச் சத்தம், பொழுது சாய்ந்தால் அந்தச் சத்தம். எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கோடு மெலிந்திருக்கும். பிடுங்கினால் அவருக்கு எழுதிப் பழகுகிற வழி போகும்; விட்டால் கையெழுத்தே போகும். யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

பாங்கிலிருந்து வந்த பையன் மரியாதையானவன். மைப் பெட்டியைத் திறந்தான். அப்பா தலையை ஆட்டிவிட்டுப் பேனாவைக் கேட்டார். வியர்த்து வழிய, இடது கையால், பெயர் முழுவதையும் எழுதினார். வால், கோடு, இரண்டு புள்ளி, எல்லாம் இருந்தன. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அவன் பழைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்தான். "ஒத்துப்போகலையேக்கா. நாளைக்குப் பணம் எடுக்க உங்களுக்குத்தான் கஷ்டம்."

"கண்ணு இன்னா பொட்டையா? இத்தப் பாரு!" என்று கப்பைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

மூன்று இதழ் இருந்தது. பக்கத்தில் வெறும் வெள்ளை. ஒரு புள்ளிகூட மிச்சமில்லை.

அப்பாவும் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். எத்தனை நாளாக ஒன்றுமில்லாத இடத்தில் எழுதிக்கொண்டிருந்தாரோ! இடது கட்டை விரலை மைப் பெட்டிப் பக்கம் நீட்டினார்.

"உடு... வெச்சிட்டுப் போறேன்."

அந்த மாதமே போய்விட்டார். கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டப் பார்த்தபோது, இடது கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. நீட்டச் சொன்னார்கள். யாரையும் தொட விடவில்லை நான். மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினார்கள்.

காரியத்துக்கு வந்த தம்பி, திரும்பிப் போகும்முன் கப்பை எடுத்தான். "அக்கா, அந்த எடத்துல நீயே அவர் கையெழுத்த எழுதிக் குடு. உனக்குத்தான் மனப்பாடமா இருக்குமே."

பேனாவைத் திறந்தேன். முனை கப்பைத் தொடும் முன்பே என் கை காற்றில் எழுதத் தொடங்கிவிட்டது. வால், கோடு, இரண்டு புள்ளி, அச்சு அசல் அப்படியே. சட்டென்று பேனாவை மூடினேன். அவர் கையெழுத்தை வேறொருத்தர் போடுவதா? செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த இடத்தை அப்படியே விட்டுக் கப்பைச் சுட்டேன். ஆறியதும் குழாயடியில் வைத்து, என் பலமெல்லாம் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தேன். கைநாட்டு வைத்த நாங்கள் மூன்று பேரும் அழியாமல் நின்றோம். கையெழுத்துப் போட்ட மனுஷன்தான் இல்லை.