மாரியாயிக்குத் தெரிந்த இங்கிலீசு

"ஹூஃப்ல கல்லு மாட்டியிருக்கு, பாரு" என்றாள் மாரியாயி. பால்காரர் பழனியப்பன் மாட்டை நிறுத்திக் குனிந்து பார்த்தார். குளம்பின் பிளவில் கல் இருந்தது உண்மைதான். அதை எடுத்தெறிந்துவிட்டு, "மாட்டுகிட்ட இங்கிலீசு பேசாதக்கா. கத்துக்கிச்சுன்னா பால் வெலைய ஏத்திப்புடும்" என்றார்.

மாரியாயி சிரிக்கவில்லை. அவள் பார்வை அதற்குள் சாக்கடையோரக் காக்கைக்குப் போய்விட்டது. அதன் அலகைப் பார்த்து "பீக்" என்று முணுமுணுத்தாள். பூனை குறுக்கே வந்தால் அதன் மீசைக்கு "விஸ்கர்". பல்லியின் வாலுக்கு "டெயில்". அரிசிக்கும் தண்ணீருக்கும் காய்ச்சலுக்கும் அவளுக்கு இங்கிலீசு தெரியாது.

மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், ரயில்வேக்காரர் வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறாள். வெளுத்த வெள்ளைச் சேலை, இறுக்கி முடிந்த கொண்டை. முன்பு மேட்டுப் பங்களா ஒன்றில் ஆயாவாக இருந்தவள். துரைசானி அவளோடு மலாயில் பேசுவாள், குழந்தை தமிழில் பேசும். அந்த வீட்டு இங்கிலீசு அவள் காதில் விழுந்ததே தவிர, அவளை நோக்கி வந்ததில்லை. வந்தது ஒரே வழியில்தான். மிஸ்ஸி என்று அவள் கூப்பிட்ட அந்தக் குழந்தை அவள் மடியில் ஏறி மிருகப் படப் புத்தகத்தை விரித்து, யானைப் படத்தில் விரலை வைக்கும்.

"இது என்ன, ஆயா?"

"தும்பிக்கை."

"இல்ல. ட்ரங்க். நீ சொல்லு."

தப்பாகச் சொன்னால் மூக்கைப் பிடித்துத் திருகும்.

ஏழு வயதானதும், அவர்கள் வழக்கப்படி, மிஸ்ஸியைச் சீமைக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். "கப்பலடி வரைக்கும் எங்கிட்டதான் இருந்துச்சு, தம்பி. அப்புறம் ஒரு வெள்ளக்காரம்மா வந்து கையப் புடிச்சிக்கிட்டா" என்று என்னிடம் சொல்வாள். பிள்ளை போன வீட்டில் ஆயாவுக்கு என்ன வேலை? இப்போது ஒரு சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறாள். "வயித்துக்கு அது போதும். ரூமுக்கு வந்தா ஒரு சத்தம் இல்ல பாரு, அதான். புள்ள இருக்கிற வீடா கெடைச்சா பாதி சம்பளத்துக்கே போயிருவேன்."

போன வாரம் அப்படி ஒரு வீடு இருப்பதாகத் தகவல் வந்தது. புதிதாக வந்த இஞ்சினியர் வீடு. தனக்காகப் பேச என்னைக் கூப்பிட்டாள். நான் சென்னையில் படித்துப் பட்டத்தோடு திரும்பி, ஒவ்வோர் ஆபீஸ் வாசலாக நிற்பவன். எங்கள் குடும்பத்தில் யாரும் தொடாத படிப்பு. அது எனக்கு இன்னும் எந்தக் கதவையும் திறக்கவில்லை. அதை நம்பி ஒருத்தி கூட வருகிறாளே என்று கூச்சமாக இருந்தது.

அந்த வீட்டுத் துரைசானி வராந்தாவில் நின்றபடியே கேட்டாள். மாரியாயி முன்பு வேலை பார்த்த வீட்டைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவிடுக்கிலிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள், கையில் மரக்குதிரை. மாரியாயி எங்கள் இருவரையும் மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். குதிரையின் பிடரி மயிரைத் தொட்டு, "மேன்" என்றாள். குழந்தை ஓரடி வெளியே வந்து குதிரையைத் திருப்பிக் காட்டியது. "டெயில்." குழந்தை சிரித்தது. இன்னும் ஓரடி வந்து, குதிரையை அவள் மடியில் வைத்தது.

துரைசானியும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, மரியாதையாகவே சொன்னாள்: தன் சிநேகிதிகள் எல்லாரும் இப்போது சீன ஆயாக்களைத்தான் வைத்துக்கொள்கிறார்கள், அவர்களைப் பார்த்த பிறகு தனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன்.

"சொல்ல வேணாம், தம்பி. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்று மாரியாயி குதிரையைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

வழியில் அவள் எந்தப் பறவையைப் பார்த்தும் இங்கிலீசில் முணுமுணுக்கவில்லை. ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று நிதானமாகப் போய் முடிந்தது. கேட்டைத் திறந்தார்கள். சைக்கிள்களும் மாட்டு வண்டிகளும் முண்டின. மாரியாயி மட்டும் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு இடது கையைக் கொஞ்சம் தாழ்த்தி, விரல்களை மெல்ல மூடிக்கொண்டு, சின்னச் சின்ன எட்டாக வைத்துத் தண்டவாளத்தைக் கடந்தாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் விரல்களைத் திறந்தாள்.