சுவருக்கு மேலால் போன பாஸ்வேர்ட்

சொந்தப் பிரிண்டரே தன்னை மிரட்டும் என்று சிவசக்தி கனவிலும் நினைத்ததில்லை. முந்தாநாள் சாயங்காலம் அது தானாகக் கடகடத்து ஒரு தாளைத் துப்பியது. "மனு கினுன்னு ஆடாத. இருக்கிற காம்பராவும் போயிடும்." பெயர் இல்லை.

பயந்தாளா? பயந்தாள், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் வந்தது பாருங்கள் ஆத்திரம்!

பதுளையில் ஒரு போட்டோகொப்பி கடையில் ஒன்பது வருடம் கால்கடுக்க நின்றவள் அவள். கடையை மூடியபோது பழைய பிரிண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்து லயத்துக்கே, அந்த நீளக் கட்டிடத்தில் தன் ஓரறை வீடான காம்பராவுக்கே திரும்பினாள். அன்றிலிருந்து அங்கே யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் சக்திதான். இந்த மனு மட்டும் அவள் மகள் துவாரகாவால் வந்தது. அவளுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபீஸ் மேசையில் பதினெட்டு நாள் கிடந்தது. கைக்கு வந்தபோது தேதி போயே போய்விட்டது. லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது, கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கம் கொடுங்கள், கடிதத்தை வாசலில் கொடுங்கள் என்பதுதான் மனு. இன்று காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடும் இடத்தில், ஆட்கள் மலைக்குக் கலைந்து போகுமுன் கையெழுத்து வாங்கியாக வேண்டும். மனு வாங்கப் பத்து மணிக்கு ஹல்துமுல்லைக்கு வரும் அதிகாரி இனி அடுத்த வருடம்தான் வருவார்.

வைஃபை பாஸ்வேர்ட் தெரிந்த யாரும் அவள் பிரிண்டரில் அடிக்கலாம்; அது வெளியே போனது அவள் வாயால்தான். சிக்னல் கடைசிக் காம்பராவில் மட்டுமே கிடைத்ததால், அவள் ரவுட்டர் அங்கே குடியிருக்கும் பாக்கியலெட்சுமி வீட்டு ஜன்னலில் இருந்தது. லயத்தில் நடுச்சுவர் எதுவும் கூரையைத் தொடாது. பாக்கியம் அங்கிருந்து பாஸ்வேர்ட் கேட்க, இவள் இங்கிருந்து சுவருக்கு மேலால் கத்திச் சொன்னாள். லயம் முழுக்கக் கேட்டது, ஆபீஸ் வரைக்கும் போனது. மிரட்டல் வந்த பிறகு ரவுட்டரில் சேர்ந்திருந்த போன்களைப் பார்த்தால், அதில் 'தயாபரன்' என்று ஒன்று. தோட்டத்துக் கிளாக்கர்! அப்போதே வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாள்.

விடிந்ததும் மனுவை அடிக்கப் போனால் பிரிண்டர் திருதிருவென்று முழிக்கிறது. மாற்றிய சங்கதி அதற்கு எப்படித் தெரியும்? பழைய பெயரையே தேடிக்கொண்டு விளக்கு மின்னியது.

"அம்மா, பழைய பேரையும் பாஸ்வேர்டையுமே போட்டுருங்க, தானா சேந்துக்கும்," என்றாள் துவாரகா. "பெரட்டுக்கு இன்னும் கால்மணிதான்."

"அந்தாளுக்குக் கதவத் தெறந்து வச்சிட்டு நான் மனு அடிக்கணுமா? செத்தாலும் மாட்டேன்டி!"

கடையில் செய்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரவுட்டரில் ஒரு பொத்தான், பிரிண்டரில் ஒரு பொத்தான். இரண்டையும் இரண்டு நிமிடத்துக்குள் அமுக்கினால் பாஸ்வேர்டே வேண்டாம்.

"பாக்கியம்! ரவுட்டருக்குப் பின்னால உள்ள பொத்தான அமுக்கு!"

"எது, செவப்பா?"

"ஐயோ, அது நிப்பாட்டுறது! ரெண்டு அம்பு போட்டது!"

"அமுக்கிட்டாளாம்!" என்று நடுக்காம்பரா பூவம்மா சத்தம் போட்டாள். இந்தத் தடவை சுவருக்கு மேலால் போனதில் இரகசியம் எதுவும் இல்லை. சிவசக்தி பிரிண்டர் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். விளக்கு மின்னியது, மின்னியது, பிறகு நின்று எரிந்தது. மனு சூடாக வெளியே வந்தது.

பெரட்டில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தபோது தயாபரன் வந்து கையை நீட்டினார். "என்னா அது? காட்டு."

கொடுத்தாள். புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசித் தாள்களில் நின்றுவிட்டார். முகம் செத்துப்போனது.

"இது எதுக்கு?"

"என் பிரிண்டர்ல வந்ததுங்க. அன்னிக்கி யாரு யாரு போன் சேந்திருந்துச்சுன்னு ரவுட்டர் காட்டுனதும் பின்னாலேயே இருக்கு. எங்க கடுதாசி ஒங்க மேசையில பதினெட்டு நாள் கெடந்துச்சு. ஒங்க கடுதாசி இன்னிக்கே அதிகாரி கைக்குப் போய்ச் சேந்துரும்ங்க."

அவர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். பூவம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள்.