ஒற்றை வார்த்தைப் பதில்கள்

கொல்கத்தாவில், பெஹாலா வீட்டில் நானும் இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகனும் மட்டும்தான். கொஞ்ச நாளாக அவன் எதற்கும் ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொன்னான். போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

"யார்டா போன்ல?"

"பிரெண்டு."

"எந்த பிரெண்டு?"

"விடும்மா."

எதையோ மறைக்கிறான் என்ற சந்தேகம் என்னை அரித்தது.

ஒரு மாலை, எதிர்வீட்டு வங்காளி அம்மாளின் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். உள்ளே என் மகன் வங்காளியில் மடமடவென்று பேசிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்கு, காகிமா. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? எனக்குத் தெரிஞ்ச தமிழ் சாப்பாட்டுக்கும் கடைக்கும்தான் போதும்."

"அம்மாகிட்ட பேசப் போறியா, பரீட்சை எழுதப் போறியா?" என்று, அவன் சித்தி முறையில் காகிமா என்றழைக்கும் அந்த அம்மாள் சிரித்தார்.

அன்று சாப்பிடும்போது கூச்சத்தை விட்டு, மீன்காரரிடம் பேசும் என் அரைகுறை வங்காளியில், "எப்போது கிளம்புகிறாய்?" என்று அவனிடம் கேட்டேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தான். பிறகு சாப்பிட்ட கை காய்ந்துபோகும் வரை வங்காளியிலேயே பேசினான். என்னைத் தனியே விட்டுப் போகும் பயத்தையும் சொன்னான். பாதிதான் எனக்குப் புரிந்தது. ஆனால், அவன் தமிழில் "ம்" என்றபோதெல்லாம் எனக்கு அந்தப் பாதிகூடப் புரிந்ததில்லை.